கோடு போடுவது கை, பால் தருவது மரம்: கிறிஸ்தவ வாழ்வில் திறமையும் தேவனைச் சார்ந்திருத்தலும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில், வார நடுவில் நடக்கும் வீட்டு ஜெபக் கூட்டங்களில் இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். ஒன்று உள்ளே, ஜெபக் குறிப்பு சொல்லும்போது வருவது: "நம்ம கையில என்ன இருக்கு பாஸ்டர், எல்லாம் ஆண்டவர் பாத்துக்குவார்." மற்றது கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும்போது வாசலில் வருவது: "சும்மா ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தா ஆச்சாக்கா? பையன் புத்தகத்தைத் தொடணும்ல?" இரண்டையும் சொல்வது பெரும்பாலும் ஒரே ஆள்தான். உள்ளே ஒரு விசுவாசம், வாசலில் ஒரு நடைமுறை என்று மனசு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

பலர் இதைப் பங்கு பிரித்துச் சமாளிக்கிறார்கள். பாதி நம் முயற்சி, மீதி ஆண்டவர். நம்மால் முடிந்த வரைக்கும் நாம், முடியாத இடத்திலிருந்து அவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேதாகமம் இப்படிப் பங்கு போடுவதில்லை. பங்கு போட்ட பிறகு வரும் கோளாறுகளும் சிறியவை அல்ல. வேலை நன்றாக முடிந்தால் "என் பங்கு பெரிது" என்ற எண்ணம் வருகிறது. கெட்டுப்போனால் "அவர் தன் பங்கைச் செய்யவில்லை" என்ற கசப்பு வருகிறது.

இந்த வட்டாரத்து ஆட்களுக்கு இதை விளக்கப் பால்மரத்தைவிட நல்ல பாடம் இல்லை. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்த 22 கித்தா (ரப்பர்) நாற்றுகளில் ஒன்பதை, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ பக்கத்து ஊரான கோலகங்சாரில் நட்டார். அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே மாவட்ட நில அலுவலகத்தின் அருகே நிற்கிறது. மரம் வந்துவிட்டது, பாலும் அதற்குள் இருந்தது. ஆனால் மரத்தைச் சிதைக்காமல், ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி சோதித்து நிலைநிறுத்த இன்னும் ஏறக்குறைய இருபது ஆண்டு பிடித்தது.

அந்தச் சீவலைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வெயில் ஏறுமுன் இலை வழியே நீர் வெளியேறுவது குறைவு. அதனால் பட்டைக்குள்ளிருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் அதிகம். ஆகவேதான் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மர நிரைக்குப் போவது. பால் வடியும் கோப்பையான மங்கைத் துடைத்து, முந்தைய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துவிட்டு, மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு இடது மேலிருந்து வலது கீழாக ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் உளி இறங்குகிறது. பால்குழாய்கள் நேர்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்து ஓடுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். சீவப்படும் பட்டை ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். உள்ளே மரம் வளரும் படைக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் விட வேண்டும். மேலோட்டமாக வெட்டினால் உட்பக்கத்துக் குழாய்கள் அறுபடாமல் பால் குறையும். ஆழம் போனால் வளரும் படையே காயப்பட்டு, அடுத்து வரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி, அந்தப் பக்கம் பிறகு வெட்டுக்கு உதவாமல் போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் மரம் பாலைத் திரும்ப ஊறவைத்துக்கொள்ளும். ஆசைப்பட்டுத் தினமும் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். இரவு மழையில் பட்டை நனைந்து கிடந்தால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அன்று வெட்டு இல்லை.

வெட்டுகிறவர் ஒரு துளிப் பாலையும் உண்டாக்குவதில்லை. அவர் கை படாமல் மங்கில் ஒரு துளியும் விழுவதில்லை. இதில் மரத்துக்கு எத்தனை சதவீதம், கைக்கு எத்தனை சதவீதம் என்று கேட்டால் கேள்வியே பிழை. மங்கில் உள்ள பால் முழுவதும் மரம் தந்தது. மங்கில் உள்ள பால் முழுவதும் வெட்டியதால் வந்தது. "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இந்த வகைப் பேச்சுதான்.

உவமைக்கு ஓர் எல்லை உண்டு. மரத்துக்கும் கைக்கும் சம்பந்தமில்லை, இரண்டும் வேறு வேறு. தேவன் விஷயத்தில் அப்படி இல்லை. பாலைத் தருகிறவரே உளி பிடிக்கும் கையையும் தந்தவர் என்கிறது வேதம். உபாகமம் 8-ஆம் அதிகாரத்தில் மோசே இஸ்ரவேலரை எச்சரிக்கும் இடத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். "என் சாமர்த்தியமும் என் கைபெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது" என்று சொல்லிக்கொள்ளாதே என்கிறார். அடுத்த வசனத்தில், தேவன் ஐசுவரியத்தைக் கொடுத்தார் என்று அவர் சொல்லவில்லை. ஐசுவரியத்தைச் சம்பாதிக்கிறதற்கான பெலனை உனக்குக் கொடுக்கிறவர் அவரே என்கிறார். சம்பாதித்தது இவன்தான், சம்பாதித்த பெலன் வந்த இடம்தான் வேறு.

தமிழ்ப்பள்ளி வாசலை மிதித்த எல்லாருக்கும் 619-ஆம் குறள் தெரியும்: "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." உழைப்புக்கு வள்ளுவர் தந்த மரியாதையில் கிறிஸ்தவருக்கு ஒரு குறையும் சொல்ல இல்லை. ஆனால் குறளைச் சபைக்குள் கொண்டுவரும்போது பலர் தெய்வத்தையும் முயற்சியையும் இரண்டு முதலாளிகளாக ஆக்கிவிடுகிறார்கள்: ஒருவர் கூலி தராவிட்டால் மற்றவர் தருவார் என்று. பிலிப்பியர் 2-ஆம் அதிகாரம் போகும் திசை வேறு. "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று சொல்லிவிட்டு, பவுல் அடுத்து "ஆனாலும்" என்று தொடங்கவில்லை. "ஏனெனில்" என்று தொடங்குகிறார். ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவன். அவர் உள்ளே வேலை செய்வதுதான் நீ வெளியே பிரயாசப்படுவதற்குக் காரணம். இந்த ஒரு இணைப்புச் சொல்லைத் தவறவிட்டவர்கள்தான் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்கிறார்கள்.

தேவ ஆவியினால் நிரப்பப்பட்டதாக வேதாகமம் பெயர் சொல்லி முதலில் குறிப்பிடும் ஆள் தீர்க்கதரிசியோ ராஜாவோ அல்ல. யாத்திராகமம் 31-இல் வரும் பெசலெயேல், ஒரு கைவேலைக்காரர். பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்யவும், கல் பதிக்கவும், மரத்தில் சித்திரம் செதுக்கவும் தெரிந்தவர். வெல்டிங் பட்டறையில் நிற்கிற பிள்ளைக்கும், தையல் எடுத்துத் தைக்கிற அக்காவுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கும் சபைகள் குறைவு என்பது வருத்தமான விஷயம். திறமை என்றால் பாட்டு, கிட்டார், பிரசங்கம் என்று மூன்றோடு நிறுத்திவிடுகிறோம்.

சபைகளுக்குள் என்ன சண்டை

தமிழ்க் கத்தோலிக்கரும், தரங்கம்பாடி வழியில் வந்த லுத்தரன்களும், 1885-ல் சிங்கப்பூரில் தொடங்கிப் பரவிய மெதடிஸ்டுகளும், பின்னால் வந்த பெந்தெகொஸ்தே சபையாரும் அக்கம்பக்கத்தில் வாழும் நாடு இது. கல்யாண வீட்டில் எல்லாரும் ஒரே பந்தியில்தான் உட்காருகிறார்கள். மனிதனால் எவ்வளவு முடியும் என்ற கேள்வியில் மட்டும் இந்தச் சபைகளுக்குள் நீண்ட வழக்கு உண்டு.

வழக்கு ஐந்தாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. மனிதன் மனசு வைத்தால் பாவமில்லாமல் வாழ முடியும் என்ற பெலாகியு என்ற போதகரின் கருத்தை ஆயர் அகுஸ்தீன் எதிர்த்தார். 418-ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அந்தப் போதனையைக் கண்டித்தார்கள். தேவனைத் தேடும் முதல் ஆசைகூட கிருபையால்தான் வருகிறது என்று 529-ல் ஆரஞ்சு நகரில் கூடிய ஆயர் சங்கம் சொன்னது. ஆயிரம் ஆண்டு கழித்து, 1524-ல் கத்தோலிக்க அறிஞர் எராஸ்மஸ் மனிதச் சித்தத்தின் சுதந்திரத்தை ஆதரித்து எழுத, 1525-ல் சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லுத்தர் கடுமையாக மறுத்து எழுதினார். 1547-ல் திரெந்து சங்கம், கிருபை முந்தி வருகிறது, மனிதன் அதற்கு இசைந்து ஒத்துழைக்கிறான் என்று கத்தோலிக்க நிலையை வரையறுத்தது. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1785-ல் அந்தப் பிலிப்பியர் வசனத்தின் மேலேயே ஒரு பிரசங்கம் வெளியிட்டார். தேவன் உங்களில் கிரியை செய்கிறார், ஆகவே உங்களால் முடியும். தேவன் உங்களில் கிரியை செய்கிறார், ஆகவே நீங்கள் செய்தே ஆக வேண்டும். இதுதான் அதன் சாரம். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன்களும் கத்தோலிக்கரும் நீதிமானாக்கப்படுதல் குறித்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006-ல் மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள்.

இந்த வரலாற்றில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம். வழக்கு முழுவதும் இரட்சிப்பைப் பற்றியது: தேவனுக்கு முன்னால் மனிதன் எப்படி நீதிமானாகிறான் என்பது. மாடு வாங்குவது, வீடு கட்டுவது, நிலத்தில் என்ன பயிரிடுவது முதலிய காரியங்களில் மனிதனுக்குத் தெரிந்தெடுக்கும் திராணி உண்டு என்று, சித்தம் அடிமைப்பட்டது என வாதிட்ட லுத்தரே ஒத்துக்கொள்கிறார். நம் ஊர்ப் பிரசங்கங்களில் இந்த இரண்டு கேள்வியும் கலந்துபோய்விடுகின்றன. "என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது" என்று இயேசு சொன்னது திராட்சச்செடியில் நிலைத்திருக்கும் கொடி கனி கொடுப்பதைப் பற்றி. அதைக் கணிதத் தாளுக்கும் மோட்டார் பழுதுக்கும் கொண்டுபோய் ஒட்டி, "ஆகவே நீ முயற்சி பண்ணுவதே விசுவாசக் குறைவு" என்று முடிப்பவர் எந்தச் சபையின் போதனையையும் சொல்லவில்லை.

தாலந்து என்றால் திறமையா

நம் மொழியில் "தாலந்து உள்ள பிள்ளை" என்றால் நன்றாகப் பாடுகிற, வரைகிற பிள்ளை. மத்தேயு 25-இல் தாலந்து என்பது பணம், அதிலும் நிறுத்துத் தருகிற பெரும்பணம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. ஆண்டுக்கு 300 வேலைநாள் வைத்தால் 20 ஆண்டுச் சம்பாத்தியம். இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்ற கணக்கில் 408,000 வெள்ளி. "எனக்கு ஒரே ஒரு தாலந்துதான்" என்று குறைப்பட்டுக்கொள்ளும் ஊழியக்காரன் கையில் ஒரு வீடு வாங்கும் தொகை இருந்தது.

அதே வசனத்தில் இன்னொன்றும் உண்டு. அவனவனுடைய திறமைக்குத் தக்கதாக எஜமான் ஐந்தும் இரண்டும் ஒன்றும் கொடுத்தான் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் திறமை வேறு, தாலந்து வேறு. திறமை ஏற்கெனவே ஆளிடம் இருப்பது. தாலந்து அதைப் பார்த்து ஒப்படைக்கப்படும் பொறுப்பு. இவற்றோடு வரம் என்ற மூன்றாவதும் இருக்கிறது. ரோமர் 12-இல் பவுல் சொல்லும் வரங்களில் போதிப்பதும் புத்திசொல்வதும் மட்டுமல்ல, பகிர்ந்துகொடுப்பதும் இரக்கம் செய்வதும் அடங்கும். 1 கொரிந்தியர் 12-இன்படி அவை சபையாரின் பிரயோஜனத்துக்காகத் தரப்படுபவை. மூன்றையும் குழப்பினால் குரல் நன்றாக இருக்கிறவர் எல்லாம் ஆராதனை நடத்த அழைக்கப்பட்டவர் ஆகிவிடுவார். குரல் திறமை. மற்றவர்களை ஜெபத்துக்குள் கூட்டிக்கொண்டு போவது வேறு.

யாருக்கு எந்த வசனம்

இந்தக் கட்டுரையில் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியது இதுதான். "உன் சுயபுத்தியின்மேல் சாயாதே", "மாம்சமானதைத் தன் புயபலமாக்கிக்கொள்ளாதே" என்ற வசனங்கள் உண்மை. ஆனால் யார் காதில் விழுகின்றன என்பதைப் பார்த்துத்தான் அவற்றைப் பேச வேண்டும். லயத்து வீட்டில் பிறந்து, "உனக்கு இதெல்லாம் வராது" என்று, காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக் களத்திலும் வகுப்பறையிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர். தோட்டம் செம்பனைக்கு மாறி, பிறகு தாமானாக (வீடமைப்புப் பகுதியாக) மாறி, வீட்டையும் வேலையையும் ஒன்றாக இழந்த குடும்பங்கள் அவை. அவர்களிடம் போய் "நீ ஒன்றுமில்லை, உன்னால் ஒன்றும் முடியாது" என்று மேடையிலிருந்து சொன்னால் அது பணிவைக் கற்பிக்காது. ஏற்கெனவே உள்ள காயத்துக்கு வேத முத்திரை குத்திவிடும்.

நியாயாதிபதிகள் புத்தகத்தில் கிதியோனைத் தேவன் நடத்திய விதம் இங்கே பெரிய உதவி. மீதியானியருக்குப் பயந்து ஒளிந்து கோதுமை போரடித்துக்கொண்டிருந்த ஆள் அவன். என் குடும்பம் எளியது, என் தகப்பன் வீட்டில் நான் எல்லாரிலும் சிறியவன் என்கிறான். தோட்டத்துப் பிள்ளை பேசுகிற பேச்சு அது. தேவன் அவனிடம் "உன் பலத்தை நம்பாதே" என்று சொல்லவில்லை. "உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ" என்கிறார். அடுத்த அதிகாரத்தில் 32,000 பேர் அவன் பின்னால் திரண்டபோது பேச்சு மாறுகிறது. பயந்த 22,000 பேர் திரும்பிப் போகிறார்கள், மீதி 10,000. தண்ணீரண்டையில் சோதித்ததில் 300. "என் கை என்னை இரட்சித்தது" என்று இஸ்ரவேல் பெருமை பேசாதபடிக்கு. ஒரே ஆள். குனிந்திருந்தபோது நிமிர்த்தினார், பின்னால் கூட்டம் சேர்ந்தபோது குறைத்தார்.

மோசேயும் அப்படித்தான். "நான் எம்மாத்திரம்" என்று தொடங்கி, திக்குவாய் வரைக்கும் சாக்குச் சொல்கிறார். யாத்திராகமம் 4:14-இல் தேவனுக்குக் கோபம் வருகிறது. தகுதியில்லை என்று பின்வாங்குவது எப்போதும் தாழ்மை ஆகாது.

ஆகவே போதகரோ மூப்பரோ வாலிபர் தலைவரோ ஒருவரிடம் பேசுமுன் பார்க்க வேண்டியவை சில. வந்த வாய்ப்பை எல்லாம் "எனக்கு வராது" என்று தள்ளுகிறாரா? கேட்டால் மட்டும் பேசி, கேட்காவிட்டால் பின்வரிசையிலேயே இருக்கிறாரா? அவருக்குப் பெசலெயேலும் கிதியோனின் முதல் அதிகாரமும். எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு, பிறர் செய்தால் பொறுக்காமல், ஓய்வெடுக்கக் குற்ற உணர்வுப்பட்டு, ஒரு சின்னக் குறை சொன்னாலும் கொதிக்கிறாரா? அவருக்கு உபாகமம் 8-உம் 300 பேரும். சிறிய சபைகளில் சாவி, ஒலிபெருக்கி, கிட்டார், ஞாயிறு பள்ளி, கணக்கு எல்லாம் ஒரே ஆள் தலையில் இருப்பது சாதாரணம். அதை அர்ப்பணிப்பு என்று பாராட்டிவிட்டுப் போகிறோம். எத்திரோ தன் மருமகன் மோசேயிடம் அப்படிப் பாராட்டவில்லை: நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று சொல்லி, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்களை வைக்கச் சொன்னார்.

காலில் புண், கையில் ஊசி

தவறு உயிரைக் குடிக்கும் இடம் மருந்து. தோட்டப்புறக் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துகிறவர்களுக்கு அடிக்கடி காட்டப்படும் வசனம் 2 நாளாகமம் 16:12. ஆசா ராஜாவுக்குக் காலில் வியாதி. அவன் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே தேடினான். கால் வியாதி என்பதால் இது நம் ஆட்களைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஆசாவின் குற்றம் வைத்தியரிடம் போனது அல்ல, கர்த்தரை விட்டது. அந்த அதிகாரம் முழுவதுமே அவன் சீரிய ராஜாவைத் துணைக்குப் பிடித்து, கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைச் சிறையில் போட்ட கதை. இதற்கு எதிரே 2 இராஜாக்கள் 20-ஐ வைத்துப் பாருங்கள். சாகும் நிலையில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து ஆண்டு ஆயுளைக் கூட்டித் தருவதாகத் தேவன் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்கு வந்த பிறகு ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்கிறார், அதைப் பிளவையின்மேல் போடுகிறார்கள், பிழைக்கிறான். பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியன். கத்தோலிக்க வேதாகமத்தில் சீராக் ஞானநூலின் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது; மருந்தை நிலத்திலிருந்து உண்டாக்கியவர் ஆண்டவர் என்கிறது.

நடைமுறையில் இவை முக்கியம். இன்சுலினைத் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை ஏறி, சிலருக்குச் சில நாள்களுக்குள்ளேயே இரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து வரும். சுகம் கிடைத்தது என்று உறுதியாக நம்புகிறவர் அரசாங்க கிளினிக்கில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையைச் செய்யட்டும். மருந்தைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். இது அவிசுவாசம் அல்ல. இயேசு பத்துக் குஷ்டரோகிகளை ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார், ஏனென்றால் அன்றைய நியாயப்பிரமாணத்தின்படி சோதித்துச் சொல்லும் அதிகாரம் ஆசாரியருக்குத்தான் இருந்தது.

உபவாச ஜெபமும் அப்படியே. கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல். சபையில் இதை ஆவியின் அசைவு என்று நினைத்துவிட்டால் ஆள் மயங்கி விழுவார். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். நம் நாட்டுக் கிளினிக்குகளுக்கு ரமலான் நோன்பினால் இதில் நல்ல பழக்கம் உண்டு. நோன்பு மாதத்துக்கு மருந்து வேளையையும் அளவையும் மாற்றித் தருகிற அதே மருத்துவரிடம், பல வாரம் முந்தியே "லெந்து நாளில் உபவாசம் இருக்கணும் டாக்டர்" என்று கேட்கலாம். யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை.

வாக்கும் திறமையும் எப்படிச் சேர்ந்து ஓடுகின்றன என்பதற்கு அப்போஸ்தலர் 27-ஐ விடத் தெளிவான இடம் வேதத்தில் இல்லை. புயலில் பவுலோடு 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் சொல்லிவிட்டான். அதன் பிறகும் கப்பலாட்கள் ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம், சற்று அப்புறம் பதினைந்து பாகம். பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் போடுகிறார்கள். அவர்கள் படகில் நழுவப் பார்த்தபோது, "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்று பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார். வாக்கு உண்டு, ஆனால் கப்பலோட்டத் தெரிந்தவர்கள் போய்விட்டால் பிழைக்க மாட்டீர்கள். பதினாலு நாள் பட்டினியாய் இருந்தவர்களைச் சாப்பிடச் சொல்கிறார். கடைசியில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகைகளைப் பிடித்தும் கரை சேர்கிறார்கள். வாக்கு நிறைவேறிய வழி அதுதான்.

பரீட்சை, கடன், பிரசங்கம்

ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம். நெருங்கும்போது சபைகளில் பேனாவுக்கு ஜெபம் நடக்கிறது. நடக்கட்டும். ஆனால் பரிசுத்த ஆவியானவர் நினைப்பூட்டுவார் என்ற யோவான் 14:26-ஐ முழுதாக வாசிக்க வேண்டும்: நான் உங்களுக்குச் சொன்ன எல்லாவற்றையும் நினைப்பூட்டுவார். சீஷர்கள் மூன்று ஆண்டளவு கூட இருந்து கேட்டவை அவை. ஐந்தாம் படிவப் பிள்ளைக்குப் பல வீடுகளில் குறைவது ஜெபம் அல்ல. இடமும் வெளிச்சமும் நேரமும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, சமைத்து, பாத்திரம் கழுவும் மூத்த பெண்ணுக்கு இரவு ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை சபை மண்டபத்தில் ஒரு மேசையும் விசிறியும், கணிதம் தெரிந்த ஒருவர் துணையும் கொடுத்தால், அவளுக்காக ஏறெடுத்த ஜெபத்துக்கு அதுவே பதிலின் ஒரு பகுதி. வீட்டு வேலையை அந்த இரண்டு மணி நேரம் யார் செய்வது என்பதைத் தாயிடம் பேசி முடிக்காமல் இதைத் தொடங்கினால் மூன்றாம் வாரமே நின்றுவிடும்.

கடனில் விழுந்தவருக்கு, பெரிய காணிக்கை வைத்தால் கடன் தீரும் என்று சொல்வது கொடுமை. கடனால் எலிசாவிடம் வந்த விதவையிடம் அவர் கேட்டது "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது" என்பதே. ஒரு குடம் எண்ணெய். அயல்வீடுகளில் வெறும் பாத்திரங்களை நிறைய வாங்கி வா, கதவைப் பூட்டு, வார், எண்ணெயை விற்றுக் கடனை அடை, மீந்ததில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள். அற்புதம் நடந்தது உண்மை. பாத்திரம் தேடி அலைந்ததும் விற்றதும் அவர்கள்தான். இன்றைக்கு அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுத வேண்டும்: வரவு, யாரிடம் எவ்வளவு, வட்டி எத்தனை. வங்கிக் கடனும் கிரெடிட் கார்டும் என்றால் 2006-ல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை தந்து தவணையைச் சீர்செய்ய உதவுகிறது. ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) கடனுக்கு அது உதவாது. அதற்குப் போலீசும் வீட்டாரிடம் உண்மையைச் சொல்வதும் வேண்டும்.

பிரசங்கியாருக்கு ஒரு வார்த்தை. "அந்நாழிகையிலே உங்களுக்கு எது அருளப்படுமோ அதையே பேசுங்கள்" என்பது அதிகாரிகளுக்கு முன் இழுத்துக்கொண்டு போகப்படும் சாட்சிகளுக்குச் சொல்லப்பட்டது. ஞாயிறு காலை வாசித்துப் பார்க்காமல் மேடையேறுகிறவருக்கு அல்ல.

ஜெபக் குறிப்பு நோட்டு

எந்தக் கூட்டத்திலும் உடனே செய்யக்கூடிய ஒரு மாற்றம் உண்டு. ஜெபக் குறிப்பு எழுதும் நோட்டில் பக்கத்தை நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரிப்பது. இடப்பக்கம் தேவனிடம் கேட்பது. வலப்பக்கம் இந்த வாரம் யார் என்ன செய்வது. நெகேமியா 4:9-இல் இரண்டும் ஒரே வசனத்தில் வருகின்றன: தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார்கள், இரவும் பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தார்கள். அவர்கள் கட்டிய எருசலேமின் அலங்கம் (மதில்) 52 நாளில் முடிந்தது.

இடப்பக்கம் மட்டும் நிறைந்திருந்தால் அந்தக் கூட்டம் அழுவதோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். வலப்பக்கம் மட்டும் நிறைந்திருந்தால் அது நலச்சங்கக் கூட்டமாகிவிட்டது. சில குறிப்புகளுக்கு வலப்பக்கம் காலியாகவே இருக்கும். குணமாக்க முடியாத நோயும், திரும்பி வராத மகனும் அப்படி. அதை எதையாவது எழுதி நிரப்பக்கூடாது. முள்ளை நீக்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டியும் முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அந்தக் காலி இடத்துக்கு முன்னால் கூட உட்கார ஒரு ஆள் இருந்தால் போதும்.

மற்றதற்கெல்லாம் பெயரும் நாளும் நேரமும் வேண்டும். இடப்பக்கம்: "அக்காவின் வலது கால் புண் ஆற வேண்டும்." வலப்பக்கம்: "வியாழன் காலை ஏழரைக்கு வாகனம், யார்? கிளினிக் புத்தகமும் மாத்திரைப் பையும் மறக்காமல். கட்டு மாற்றும் நாள் திங்கள், புதன், வெள்ளி. புதன்கிழமை கூட்டத்துக்கு முன்பே கூட்டிப்போவது."